எருக்கம்பேரி மன்றத்தார் கம்ப்யூட்டர் கட்டிய கதை

எருக்கம்பேரியில் ஒரு மன்றம் இருந்தது. மன்றத்தில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தலைவர் ஆவுடையப்பன், மாவு மில் வைத்திருந்தார். செயலாளர் கொம்பையா, தச்சுவேலை தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் செய்த நாற்காலியில் இதுவரை யாரும் முழுசாக உட்கார்ந்ததில்லை. பொருளாளர் மாசானம். மன்றத்தில் பொருள் எதுவும் இல்லாததால் அவர் தன் பொறுப்பை மிகச் சிறப்பாக நிறைவேற்றி வந்தார். நான்காவது ஆள் திரவியம், வெறும் உறுப்பினர். மற்றவர்கள் ஆளுக்கொரு பதவியை எடுத்துக்கொண்ட பிறகு, கை தூக்க ஓர் ஆள் வேண்டுமே என்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எருக்கம்பேரிக்காரர்களுக்கு ஒரு வருமானச் சான்றிதழ் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் போனார்கள், கால் வீங்கிய கிழவர்களும் போனார்கள். ஒருநாள் துணைத் தாசில்தார் மீனலோசனி மன்றத்துக்கு வந்தார்.

"இந்தப் பக்கத்துக்கு ஒரு சேவை மையம் போடப்போறோம். நீங்க ஒரு நல்ல கம்ப்யூட்டர் மட்டும் தயார் பண்ணி வையுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். இருந்தா மையம் இங்க. இல்லேன்னா பனையடிப்பட்டிக்குப் போயிரும்" என்றார்.

பனையடிப்பட்டி என்றதும் நால்வர் முகமும் கறுத்தது. அந்த ஊர்க்காரர்கள் கபடியில் ஜெயித்ததைக்கூட மன்னித்துவிடலாம். ஜெயித்த பிறகு "நீங்களும் நல்லாத்தான் ஆடுனீங்க" என்று தோளைத் தட்டினார்களே, அதை எப்படி மன்னிப்பது?

ஊரில் வீடு வீடாக ஏறி வசூல் செய்துகொண்டு டவுனுக்குப் போனார்கள். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் பீர்முகம்மது பாய். பொறுமைசாலி. அவருடைய பொறுமைக்கு இப்படி ஒரு சோதனை வரும் என்று அவருக்கு அன்று காலைவரை தெரியாது.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. ரெடிமேடா வாங்கிக்கிடலாம். இல்லேன்னா சாமானைத் தனித்தனியா வாங்கி நீங்களே அசெம்பிள் பண்ணிக்கிடலாம், உங்களுக்கு வேணும்ங்கிற மாதிரி இருக்கும். அவசரப்படாதீங்க. நாலு பேரும் ஊருக்குப் போய் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க" என்றார் பாய்.

நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. மாசானத்துக்கு உட்காரும் இடத்தில் கட்டி.

"நின்னுக்கிட்டே முடிவு பண்ணுனா என்னவே?" என்றார் திரவியம்.

"உக்காந்துதான் முடிவு பண்ணணும்னு பாய் தெளிவா சொல்லிருக்காரு. நின்னுக்கிட்டுப் பண்ணி, பின்னால கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கொம்பையா கேட்டார்.

பஞ்சு மெத்தையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மாசானம் அலறினார். நெல்லு மூட்டையில் உட்காரவைத்தார்கள். இன்னும் நன்றாக அலறினார். கடைசியில் ஆவுடையப்பன்தான் வழி கண்டுபிடித்தார். லாரி டியூபில் காற்றடித்து, ஊருணித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன் ஓட்டைக்குள் மாசானத்தை இறக்கினார்கள். கட்டிக்கும் வலிக்கவில்லை, மாசானமும் உட்கார்ந்த மாதிரி ஆயிற்று. மற்ற மூவரும் மரியாதைக்காகத் தண்ணீருக்குள்ளேயே கழுத்தளவு உட்கார்ந்தார்கள். ஊருணியில் மன்றக் கூட்டம் தொடங்கியது.

"இவன் உக்காந்திருக்கானா, மிதக்கானா?" என்று திரவியம் சந்தேகம் கிளப்பினார்.

"உக்காந்து மிதக்கேன்" என்றார் மாசானம். அதுவே தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"கடையில செஞ்சு வெச்சதை வாங்குனா, உள்ளே என்ன இருக்குன்னு நமக்குத் தெரியுமா?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"நாம செஞ்சா மட்டும் தெரியுமா அண்ணாச்சி?" என்றார் கொம்பையா.

"நாம செஞ்சா உள்ளே என்ன இல்லைங்கிறது தெரியும்லா!"

இதற்கு ஒரு தவளை மட்டும் ஏதோ பதில் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போயிற்று.

"ஆனா ஒண்ணு" என்றார் மாசானம், மெல்லச் சுற்றிக்கொண்டே. டியூப் அவரைச் சுற்றியது, அதனால் அவர் ஒவ்வொரு வார்த்தையையும் ஒவ்வொருவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "கடைக்காரன் செஞ்சு கெட்டுப்போச்சுன்னா அவனைத் திட்டலாம். நாம செஞ்சு கெட்டுப்போச்சுன்னா யாரைத் திட்ட?"

எல்லாரும் கவலையில் ஆழ்ந்தார்கள்.

"கொம்பையாவைத் திட்டலாம்" என்றார் திரவியம்.

எல்லார் முகத்திலும் நிம்மதி பரவியது. கொம்பையாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. "அப்போ நாமளே செய்யணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் தலைவர்.

உற்சாகத்தில் மாசானம் இரண்டு கையையும் தூக்கினார். டியூபைப் பிடித்திருந்தது அந்தக் கைகள்தான் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓட்டை வழியாக நேராக உள்ளே போனார். தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள் மட்டும் படபடவென்று ஆடின.

"மாசானம் ரெண்டு ஓட்டு" என்று சொல்லி, மற்ற கைகளையும் சேர்த்து எண்ணி, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்த பிறகுதான் அவரை வெளியே இழுத்தார்கள். கூட்ட ஒழுங்கு முக்கியமல்லவா?

மறுபடியும் பாயிடம் போனார்கள். அவர் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "இது மதர்போர்டு. இது ப்ராசசர், இதுதான் மூளை. இந்த ரெண்டுக்கும் பொருத்தம் சரியா இருக்கணும் அண்ணாச்சி. அது ரொம்ப முக்கியம். பொருத்தம் பாக்காம சேத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாது."

அவர் பார்த்துத்தான் எடுத்திருந்தார். அதைச் சொல்வதற்குள் நால்வரும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு தெருமுனை ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஜோசியர் சிதம்பரம் பிள்ளைக்கு எந்த வாடிக்கையாளரும் வாடிக்கையாளர்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொண்ணு எது, மாப்பிள்ளை எது?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது மதர்போர்டு. அப்போ இதுதான் பொண்ணு" என்றார் கொம்பையா.

"மதர்னா தாயாருல்லா? தாயாருக்கா மாப்பிள்ளை பாக்குதீங்க?"

"பேருதான் அப்படிய்யா. பிள்ளை கிடையாது. பெட்டியே இன்னும் பிரிக்கலை."

ஜோசியர் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதியைப் பார்த்தார். ப்ராசசர் பெட்டியில் இருந்ததையும் பார்த்தார். விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தார். "பொண்ணு ரோகிணி. மாப்பிள்ளை சுவாதி. கணப் பொருத்தம் சுமார். மாப்பிள்ளை கொஞ்சம் சூடான ஜாதகம்."

"ஆமாய்யா, பாயும் அதைத்தான் சொன்னாரு. சீக்கிரம் சூடாயிருவாராம். பக்கத்துலயே ஒரு ஃபேன் போட்டுக்கிட்டே இருக்கணுமாம்" என்றார் மாசானம் பயபக்தியோடு.

"அப்படித் தாங்குத இடமா இருந்தா முடிக்கலாம். வெளிநாட்டு மாப்பிள்ளை வேற" என்றார் ஜோசியர். தட்சிணை கொடுத்துக் காலில் விழுந்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார்கள். பாய் மிச்ச சாமான்களையும், அவற்றை வைப்பதற்கான ஒரு பெரிய கறுப்புப் பெட்டியையும் கொடுத்து, "செய்யும்போது போன் பண்ணுங்க, நான் சொல்லித் தாரேன்" என்று மட்டும் சொன்னார். அது அவர் செய்த தவறு.

மன்றத்துக்கு வந்து பார்த்தபோது அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை. பாய் அவசரத்தில் காலிப் பெட்டியைக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று வருந்தி, அதை ஓரமாகக் கவிழ்த்துப் போட்டார்கள். திரவியம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். டவுனில் அந்தப் பெட்டிக்கு 'கேஸ்' என்று பெயர். அது திரவியத்துக்கு எப்படித் தெரியும்?

கொம்பையா போன் போட்டார். பாய் சொன்னார்: "முதல்ல ஒரு விஷயம். மனுஷ உடம்புல கரண்ட் இருக்கும். அப்படியே தொட்டா சாமான் போயிரும். நல்லா எர்த் ஆகிட்டு அப்புறமா தொடுங்க."

எர்த் என்றால் என்னவென்று ஆவுடையப்பனுக்குத் தெரியாதா? மில்லுக்கு எர்த் போட்டவரே அவர்தான். குழி வெட்டி, கம்பியை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூட வேண்டும். மன்ற வாசலில் நான்கு குழிகள் வெட்டப்பட்டன. நால்வரும் இறங்கினார்கள். கரியையும் உப்பையும் கொட்டி, இடுப்புவரை மண்ணை இழுத்து மூடிக்கொண்டார்கள். சாமான்கள் எல்லாம் உள்ளே மேசைமேல் இருந்தன.

"யாராவது போய் எடுத்துட்டு வாங்க" என்றார் தலைவர்.

"வெளிய வந்தா எர்த் போயிரும் அண்ணாச்சி" என்றார் கொம்பையா.

"எர்த் ஆகாம தொடவும் கூடாது" என்றார் மாசானம். அவருக்கு நின்றபடி புதைந்திருந்தது மிகவும் சௌகரியமாக இருந்தது.

இந்தச் சிக்கலை அவர்கள் வெகுநேரம் ஆலோசித்துக்கொண்டிருந்தபோது கொம்பையாவின் மனைவி வேலம்மாள் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தாள். நின்றாள். நான்கு தலைகளையும் நான்கு ஜோடிக் கைகளையும் பார்த்தாள்.

"குழி வெட்டி நட்டாச்சு. தண்ணி ஊத்தணுமா?"

"ஊத்தும்மா, ஊத்து. எர்த்துக்கு ஈரம் வேணும்" என்றார் ஆவுடையப்பன் நன்றியோடு.

வேலம்மாள் குடம் முழுவதையும் நான்கு பேருக்கும் பாரபட்சமில்லாமல் ஊற்றிவிட்டு, மண்வெட்டியை எடுத்துவரப் போனாள். அவர்களை வெளியே எடுக்க அவளுக்குச் சாயங்காலம்வரை ஆயிற்று. கணவனைக் கடைசியாகத்தான் எடுத்தாள்.

மறுநாள் மறுபடி போன். "ப்ராசசரை போர்டுல உக்கார வெச்சாச்சா? இனி அது மேல சூட்டை எடுக்குத பேஸ்ட் வைக்கணும். ரொம்ப வேண்டாம், ஒரு பட்டாணி அளவு" என்றார் பாய்.

"பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?"

"எதுனாலும் சரி அண்ணாச்சி" என்றார் பாய்.

"ஊறப்போட்டா பெருசாயிருமே பாய், அதான் கேக்கேன்."

"ஊறப்போட வேண்டாம். அண்ணாச்சி, பேசாம ஒண்ணு செய்யுங்க. ராம்ங்கிற மெமரியையும் சொருகிட்டு, எல்லாத்தையும் தூக்கிக் கேஸ்ல போடுங்க. கேஸ்ல போட்டாத்தான் மத்த வேலை நடக்கும். போட்டுட்டுப் பேசுங்க."

கொம்பையா போனை வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "கேஸ் போடணுமாம்."

"அவ்வளவு தூரம் போயிருச்சா?" என்றார் மாசானம்.

எருக்கம்பேரியில் இதுவரை யாரும் போலீஸ் படி ஏறியதில்லை. ஆனாலும் ஊருக்காக எதையும் தாங்குவது என்று முடிவு செய்து, சாமான்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஏட்டு கருப்பசாமி தலையை நிமிர்த்தினார்.

"என்ன விஷயம்?"

"கேஸ்ல போடணும்யா."

"யாரை?"

கொம்பையா சாக்கைப் பிரித்து மதர்போர்டை மேசையில் வைத்தார். "இதை."

ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலைய்யா. பண்ண வைக்கத்தான் கேஸ்ல போடுதோம்."

"யாராவது திருடிட்டுப் போயிட்டானா?"

"இல்லைய்யா, எங்ககிட்டதான் இருக்கு."

ஏட்டு முன்னால் சாய்ந்தார். "அப்போ நீங்க திருடிட்டு வந்தீங்களா?"

நால்வரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். திரவியம் திரும்பி வந்து கேட்டார்: "அப்படிச் சொன்னா கேஸ்ல போடுவீங்களாய்யா?"

"கண்டிப்பா போடுவேன்."

"அப்போ அப்படியே வெச்சுக்கிடுங்க."

கொஞ்ச நேரத்தில் கொம்பையா பாய்க்குப் போன் போட்டார். குரலில் பெருமை. "பாய், கேஸ்ல போட்டாச்சு! போர்டு, ப்ராசசர், ராம் எல்லாம் உள்ளே. நாங்களும் உள்ளே."

"நீங்க எப்படி அண்ணாச்சி உள்ளே?" என்றார் பாய். அப்புறம் பின்னணியில் லத்தி தட்டும் சத்தம் கேட்டது. பாய்க்கு எல்லாம் புரிந்தது.

கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். வரும் வழியில் மன்றத்தில் நின்று கறுப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். ரசீதைக் காட்டி ஏட்டிடம் எல்லாவற்றையும் விளக்கினார். இரண்டாவது தடவை விளக்கும்போது ஏட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இவர்களையும் சாமானையும் மறுபடி ஒரே பஸ்ஸில் அனுப்பினால் என்ன ஆகும் என்று பாய் யோசித்தார். ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஸ்குரூடிரைவரை எடுத்து, தானே எல்லாவற்றையும் பூட்டி முடித்தார். ஏட்டு டார்ச் அடித்தார். கடைசி ஆணியைத் திருகும்போது ஆவுடையப்பன் அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார்.

"ஒரு வழியா நாமளே கட்டிட்டோம். கடையில வாங்குனா இந்தத் திருப்தி வருமா?" என்றார் தலைவர். மற்ற மூவரும் கண் கலங்கினார்கள். பாய்க்கும் கண் கலங்கியிருந்தது. காரணம் வேறு.

"கொண்டுபோய் ப்ளக்கை மாட்டி சுவிச்சைப் போடுங்க. வேற எதையும் தொடாதீங்க. அது பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிவிட்டு, யாரும் ஏதும் கேட்பதற்குள் பாய் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. மன்றத்தில் கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்தது. நால்வரும் அதைச் சுற்றி நின்றார்கள். யாரும் சுவிச்சைத் தொடவில்லை.

"ஓடும்னு சொன்னாரே, எந்தப் பக்கமா ஓடும்?" என்றார் மாசானம் மெல்ல.

"அது பாட்டுக்கு ஓடும்னாரு. நம்ம சொல் கேக்காதுன்னு அர்த்தம்" என்றார் கொம்பையா.

"கதவு கிழக்கே பாத்து இருக்கு. கிழக்கே ஓடுனா எங்க போய் நிக்கும் தெரியுமா?" என்றார் ஆவுடையப்பன். அவர் முகம் வெளுத்திருந்தது. "பனையடிப்பட்டி!"

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியது கடைசியில் அந்த ஊரில் போய் நிற்பதா? தேர் இழுக்கிற மாதிரியான தேங்காய்நார் வடம் ஒன்று வந்தது. பெட்டியைச் சுற்றி, திரையைச் சுற்றி, மேசையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். வடத்தை ஆளுக்கொரு மூலையில் பிடித்துக்கொண்டு காலை ஊன்றி நின்றார்கள். திரவியம் காலை நீட்டிப் பெருவிரலால் சுவிச்சைப் போட்டார். பெட்டி உறுமியது. நால்வரும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள்.

மீனலோசனி உள்ளே வந்தபோது அவர்கள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்கள். வியர்வை ஆறாக ஓடியது. வேலம்மாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கம்ப்யூட்டர் ஓடுதா?" என்று கேட்டார் மீனலோசனி.

"ஓடலை மேடம்! நாலு பேரு புடிச்சிருக்கோம்ல!" என்றார் ஆவுடையப்பன்.

அம்மையார் கிட்டே வந்து திரையைப் பார்த்தார். நீல வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. "ஏன்யா, நல்லாத்தானே ஓடுது!"

"ஐயோ, ஓடுதாம்! விடாதீங்கலே!" என்று கத்திக்கொண்டு நால்வரும் அதன்மேல் பாய்ந்து விழுந்து கட்டிக்கொண்டார்கள்.

மீனலோசனி வேலம்மாள் பக்கம் திரும்பினார். "நீ எதுவரைக்கும் படிச்சிருக்கம்மா?"

"பிளஸ் டூ மேடம். டைப்பிங்கும் பாஸ் பண்ணிருக்கேன்."

"நீ இதுல உக்காருவேன்னா மையம் இங்கதான். இவங்க கிட்ட வரக் கூடாது. சம்மதமா?"

"பாதி சம்பளம் குடுத்தாக்கூட அதுக்குச் சம்மதம் மேடம்" என்றாள் வேலம்மாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மீனலோசனி ஜீப்பில் ஏறினார். ஊரே கை தட்டியது. டிரைவர் சாவியைத் திருப்பினார், ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த திரவியம் அலறினார்: "அண்ணாச்சி! மேடத்தோட ஜீப்பு ஓடுது! யாருமே புடிக்கலை!"

நால்வரும் வடத்தை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் பாய்ந்தார்கள். "நில்லு! நில்லு!" என்று கத்திக்கொண்டு ஊர் எல்லைவரை துரத்தினார்கள். ஜீப் கையில் சிக்கவில்லை. பனைமரத்தடியில் மூச்சிரைக்க நின்று, அது புள்ளியாகி மறைவதைப் பார்த்தார்கள்.

"பாவம், நல்ல அம்மா. அவங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிருச்சே" என்றார் மாசானம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கொம்பையாவுக்கு உறைத்தது. "நாம நாலு பேரும் இங்க நிக்கோமே. அங்க அதை யாரு புடிச்சிருக்கா?"

விழுந்தடித்துத் திரும்பி ஓடினார்கள். கதவு திறந்து கிடந்தது. வேலம்மாள் வடத்தை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிழவருக்குப் பென்ஷன் மனு தட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கட்டில்லாமல், காவலில்லாமல், வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆவுடையப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். "பாத்தியாலே, பழகிடுச்சு!"

"இனிமே கயிறு வேண்டாம் அண்ணாச்சி" என்றார் கொம்பையா.

ஆனாலும் எல்லாரும் ஒன்றுபோல் இருப்பார்களா, யாராவது ஆசைகாட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று மாசானம் கேட்டார். அது நியாயமாகப் பட்டது. எருக்கம்பேரி மையத்துக்கு நீங்கள் போனால், உங்கள் சான்றிதழ் சீக்கிரமே கிடைக்கும், வேலம்மாள் கெட்டிக்காரி. திரையின் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு சின்ன மணி தொங்கும், அதைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். வாசலில் முறைவைத்து, மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் மன்றத்தார், நீங்கள் பனையடிப்பட்டியோ என்று சந்தேகப்படுவார்கள்.